பக்கக் கண்ணாடி இல்லாத லாரி

"ஜூன் 15, ஞாயிறு. பகல் 1.10. பிரேம் 19, மலைப்பாதையில் 11. வண்டி மூன்று முறை உறைந்தது. அவள் சுங்கச்சாவடியில் நிறுத்திக் காத்திருந்தாள்."

என் மடிக்கணினிக்கென்று நான் வைத்திருக்கும் நோட்டின் முதல் குறிப்பு இது. பிரேம் என்றால் ஒரு நொடியில் திரை மாற்றிக் காட்டும் படங்களின் எண்ணிக்கை. முப்பதுக்கு மேல் இருந்தால் சாலை சாலையாகத் தெரியும். இருபதுக்குக் கீழே இறங்கினால் யாரோ கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக் காட்டுவதுபோல் இருக்கும். பதினொன்றில் லாரி ஓட்டுவதும், கண்ணை மூடி மூடித் திறந்தபடி எங்கள் ஊரின் நெரிசலான ஹெப்பால் மேம்பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"அவள்" என்பது என் தங்கை. இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் நர்ஸாக இருக்கிறாள். சனிக்கிழமை இரவுப் பணி முடிந்து ஞாயிறு காலை எட்டரைக்கு அறைக்கு வருவாள். அல்சூரில் எங்கள் வீட்டில் அப்போது பகல் ஒரு மணி. அந்த நேரத்தில் இருவரும் அவரவர் கணினியில் ஆளுக்கொரு லாரியை எடுத்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டி, முன்னும் பின்னுமாக ஓட்டிப் போவோம். விளையாட்டு அவள் கண்டுபிடித்தது. அங்கே போன முதல் குளிர்காலத்தில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவள் ஒருநாள், "ண்ணா, நீயும் வாயேன்" என்றாள். போனேன்.

போனில் எங்களுக்கு நான்கு வாக்கியம்தான் உண்டு. சாப்டியா, அங்க குளிரா, இங்க மழை, சரி வெச்சிடறேன். சின்ன வயதிலிருந்தே முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டவர்கள் இல்லை நாங்கள். ஆனால் கண் சாலையில் இருக்கும்போது அவள் பேசுவாள். வார்டில் கையைப் பிடித்தபடியே இறந்துபோன ஒரு பெரியவரைப் பற்றி அப்படித்தான் சொன்னாள். அங்கே பிடிக்கவில்லை என்பதையும் மே மாதத்தில் ஒரு பாலத்தைக் கடக்கும்போதுதான் முதல்முறையாகச் சொன்னாள். வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. இந்த ஒரு மணி நேரம் கைவிட்டுப் போனால், எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பது ரேஷன் அட்டையில் மட்டும் உள்ள செய்தியாகிவிடும்.

அதனால்தான் ஜூன் 15 அன்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. "ண்ணா, உன் வண்டி நின்னு நின்னு வருது. எனக்குத் தூக்கம் சொக்குது. பேசாம போன்லயே பேசிக்கலாமா?"

அன்று மாலையே நோட்டு போட்டேன்.

மடிக்கணினி நான்கு வருடப் பழையது. கடிதம் அடிக்க, படம் பார்க்க, ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களைப் படிக்க வாங்கியது. விளையாட்டுக்கென்று தனிச் சில்லு எதுவும் அதில் இல்லை. புதிதாக ஒன்று வாங்கினால் தீராதா என்று மனைவி கேட்டாள். தீரும்தான். இருப்பது கெட்டுப்போகவில்லையே என்பது என் வாதம். கெட்டுப்போகவில்லை என்று நிரூபிப்பதற்கு ஐந்து மாதம் பிடித்தது.

நான் மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு விதி உண்டு. இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். தேதியிட்டு எழுதி, முன்னும் பின்னும் அளந்து, கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்தது. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சோதனைக்கு எப்போதும் ஒரே பாதை, துறைமுகத்திலிருந்து மலையூர் வரை. அதே லாரி, அதே சரக்கு, விளையாட்டுக்குள் அதே காலை நேரம், மழை கிடையாது. வாரநாட்களில் ஆபீசிலிருந்து வந்ததும் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, சராசரியையும் மிகக் குறைந்ததையும் எழுதுவேன். கையெழுத்துப் போடவில்லை. அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை.

ஜூன் முழுவதும் சில்லறை லாபங்கள்தான். மின்சாரச் சிக்கனத்தில் இருந்ததை முழு வேகத்துக்கு மாற்றியதில் இரண்டு பிரேம் கிடைத்தது. பின்னணியில் திறந்து கிடந்த உலாவியை மூடியதில் ஒன்று. மரங்களின் நிழலை அணைத்தேன். திரையின் நுணுக்கத்தை ஒரு படி குறைத்தேன். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு மறுபடியும் துறைமுகம், மறுபடியும் மலையூர். அந்தச் சாலையில் எந்த வளைவில் எந்தப் பலகை வரும் என்பது என் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும் வழியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலை முதல் வாரத்தில்தான் கண்ணாடி விஷயம் புரிந்தது. லாரியின் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் சாலை தெரிகிறதல்லவா, அதைக் கணினி தனியாக இன்னொரு முறை வரைகிறது. இரண்டு கண்ணாடி என்றால் இரண்டு முறை. இரண்டையும் அணைத்தேன். 22 ஒரே தாவலில் 28 ஆனது. அந்த வார இறுதியில் நான் அடைந்த பெருமையை மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு சரக்கு வண்டியை முந்திவிட்டு இடதுபக்கம் ஒதுங்கினேன். அங்கே என் தங்கை வந்துகொண்டிருந்தாள். அவள் லாரி தடுப்புக் கம்பியில் மோதிச் சரக்கோடு சாய்ந்தது.

"ண்ணா, கண்ணாடி பாக்க மாட்டியா?"

"கண்ணாடி இல்லம்மா. எடுத்துட்டேன்."

"லாரிக்குக் கண்ணாடிய எடுத்துட்டு ஓட்டறியா? ஊர்ல ஷேர் ஆட்டோக்காரன்கூட ஒண்ணாவது வெச்சிருப்பாண்ணா" என்றாள்.

அதன் பிறகு கண்ணாடி வேலையையும் அவளே பார்த்தாள். "லெப்ட்ல வர்றேன், ஒதுங்காத", "இப்ப போ", "இருஇரு, பின்னாடி பஸ்ஸு." அவ்வளவு களைப்பிலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஆகஸ்டில் சிவாஜிநகருக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், துணிக்கடைகளுக்கு நடுவே, ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடிகிற ஒரு பழுதுபார்க்கும் கடை. ராம் என்கிற நினைவகம் ஒற்றைப் பட்டையாக இருப்பதால்தான் திணறுகிறது, இரண்டாவது ஒன்று போட்டால் பாதி நோய் போகும் என்றார் கடைக்காரர். போட்டுக்கொடுத்தார். 28 என்பது 36 ஆனது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் சுங்கச்சாவடிகளில் மட்டும்தான் வண்டி உறைந்தது. அப்படி ஒருமுறை உறைந்து, நான் மீண்டு வரும்வரை அவள் ஓரத்தில் நிறுத்தியிருந்தபோது சொன்னாள்: பணி முடிந்து திரும்பும்போது சில நாட்கள் தன் நிறுத்தத்தில் இறங்காமல் பஸ் கடைசியாக நிற்கும் இடம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறாளாம். அறைக்கு வந்தால் சத்தமே இருப்பதில்லையாம். அதற்குள் என் திரை மீண்டும் ஓடத் தொடங்கியது. "சரி வா, போலாம்" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு அன்று எல்லாம் சரிந்தது.

ஆரம்பத்தில் 36 இருக்கும். பத்தாவது நிமிடத்தில் விசிறி இரைய ஆரம்பிக்கும். பன்னிரண்டாவது நிமிடத்தில் 14. என் நோட்டின்படி அக்டோபர் 3 அன்று கணினி தானாகவே ஏதோ புதுப்பித்துக்கொண்டது. ஆக அதுதான் குற்றவாளி. அதை நீக்கினேன், 14. திரைக்கான மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடிப் போட்டேன், 13. விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், ஒரு சனிக்கிழமை முழுவதும்; 14. இணையத்தில் விசாரித்தால் ஒருவர் இதைச் செய் என்கிறார், அடுத்தவர் அதைச் செய்தால் கெட்டுவிடும் என்கிறார், இருவரும் எந்த வருடத்துக் கணினியைச் சொல்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. பழைய கலெக்டர்களின் பயணக் குறிப்புகளையும் மழைப் பதிவுகளையும் விரும்பிப் படிக்கிறவன் நான். நூறு வருடத்துக்கு முன் பெய்த தூறலுக்குத் தேதி இருக்கிறது. போன மாதம் எழுதப்பட்ட ஆலோசனைக்கு இல்லை.

பிறகு விதியை மீறத் தொடங்கினேன். ஒரே நாளில் மூன்று மாற்றம், நான்கு மாற்றம். புல்லை எடுத்தேன், மேகத்தை எடுத்தேன், எதிரே வரும் கார்களின் எண்ணிக்கையைக் குறைத்தேன். எழுத்துகள் கரைந்து ஊர்ப் பலகைகளைப் படிக்க முடியாமல் போயிற்று. கணினியின் பின்பக்கத்தை இரண்டு தீப்பெட்டிகள் மேல் தூக்கி வைத்து, மேசை விசிறியை அதன்மேல் திருப்பினேன். ஹெட்போனில் அவள், "அங்க என்ன மிக்ஸி ஓடுதா?" என்றாள். தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு வந்து நின்ற மனைவி திரையைப் பார்த்தாள். "ரோடு மட்டும்தான் மிச்சம் இருக்கு. அதையும் எடுத்துட்டா நல்லா ஓடும்."

நான் சிரிக்கவில்லை. அந்த வாரங்களில் யார் எது சொன்னாலும் எனக்குக் கோபம் வந்தது. ஆபீசில் ஒரு படிவத்தில் தேதி விட்டுப்போனதற்காக, என்னைவிட மூத்தவர் ஒருவரிடம் கத்திவிட்டு, பிறகு கேன்டீனில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் அவள் ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. எங்கள் நேரம் இரண்டு மணியாயிற்று. நவம்பர் 9 அன்று மலைப்பாதை தொடங்கும் இடத்தில் என்னை முன்னால் போகவிட்டுப் பின்னால் நின்றாள். நான் 9 பிரேமில் ஏறிக்கொண்டிருந்தேன். பேச்சு நின்றது. கூப்பிட்டேன். ஹெட்போனில் சீரான மூச்சு மட்டும் வந்தது. எழுப்ப மனமில்லாமல் நாற்பது நிமிடம் அந்த மூச்சைக் கேட்டபடி தனியாக ஓட்டினேன். மாலையில் செய்தி வந்தது. "சாரிண்ணா, தூங்கிட்டேன். முடியலண்ணா. இத விட்டுடலாம்."

அடுத்த சனிக்கிழமை நோட்டையும் கணினியையும் எடுத்துக்கொண்டு சிவாஜிநகர் போனேன். ஜூனிலிருந்து நடந்ததைக் கடைக்காரரிடம் வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். ஜூலைக்கு வருவதற்குள் அவர் கணினியைத் தூக்கி, திரை மடங்கும் விளிம்பை மூக்கருகே கொண்டுபோனார்.

"பூஜை எப்ப போட்டீங்க சார்?"

"எந்தப் பூஜை?"

"தசரா பூஜை சார். ஆயுத பூஜை. சந்தனம் கமகமன்னு வருது."

அடிமூடியைக் கழற்றினார். ஆயுத பூஜையன்று வீட்டில் ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது மடிக்கணினியையும் வாழையிலையில் வைத்திருந்தேன். திரையில் பட்டால் கறை, விசைகளில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று யோசித்து, எதற்கும் தொந்தரவில்லாத இடமாகப் பார்த்து, பின்விளிம்பில் இருந்த கம்பிவரிகளின் மேல் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து நீளமாக ஒரு பட்டை போட்டேன். நடுவில் குங்குமம். அந்தக் கம்பிவரிகள் வழியாகத்தான் உள்ளே இருக்கும் சூடு வெளியே வர வேண்டும். மறுநாள் துடைத்தேன், மேலே இருந்தது போயிற்று, உள்ளே இறங்கியது காய்ந்து கல்லானது. மனைவி தூவிய பொரியையும் பூவையும் அடிப்பக்கத் துளை வழியாக விசிறி இழுத்துக்கொண்டிருந்தது. சாமந்தி இதழ் ஒன்று விசிறியின் அச்சில் சுற்றியிருந்தது. பொரி மாவாகி மூலையில் அப்பியிருந்தது.

"உள்ள பூஜை பண்ணீங்களா, வெளிய பண்ணீங்களா?" என்றார் கடைக்காரர். பக்கத்து ஸ்டூலில் காத்திருந்தவர் குலுங்கிச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரே சமாதானமும் சொன்னார். "விடுங்க சார். வருசா வருசம் தசரா முடிஞ்சா இப்பிடிப் பத்து வரும் நம்மகிட்ட. ஒருத்தர் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டே கொண்டாந்தார். நீங்க பரவால்ல, தேங்கா ஒடைக்கல."

பஸ்ஸில் திரும்பும்போது நோட்டைப் பிரித்தேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: "அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை. ஓட்டம் இல்லை." அதற்கு இரண்டு வரி கீழே அந்த 14. இயந்திரத்துக்கு என்ன செய்தாலும் அது மாற்றம், எழுதி அளக்க வேண்டும் என்று ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். பூஜையை ஒரு மாற்றமாக நினைக்கவே இல்லை. ஆறு வாரம் புல்லையும் மேகத்தையும் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அன்றே அவளுக்கு எழுதினேன். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு, சரியாகிவிட்டது, ஏன் என்று கேட்டால் சிரிப்பாய் என்றேன். வந்தாள். சந்தனக் கதையைக் கேட்டு ஹெட்போன் அதிரச் சிரித்தாள். பிறகு கிளம்பினோம்.

நவம்பர் 16. பிரேம் 41. கம்பிவரிகள் முழுசாக அடைபடுவதற்கு முன்பே உள்ளே நான்கு வருடத் தூசும் இருந்ததாம், கடைக்காரர் அதையும் சேர்த்துச் சுத்தம் செய்திருந்தார். கழற்றிய எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன்: புல், மேகம், ஊர்ப் பலகை, இரண்டு கண்ணாடியும். சுங்கச்சாவடியில் உறையவில்லை. மலைப்பாதையில் உறையவில்லை. கண்ணாடியில் அவள் லாரி பளிச்சென்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அவள் எனக்கு வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. வழக்கமாக ஒரு மணி நேரம் எடுக்கும் தூரத்தை நாற்பது நிமிடத்தில் முடித்துச் சரக்கை இறக்கினோம்.

"சூப்பரா ஓடுதுண்ணா."

"ஆமா."

"சரிண்ணா, அப்ப படுக்கறேன்."

ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் உறைத்தது. சிரித்தாளே தவிர, அவள் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இறந்துபோன பெரியவர், கடைசி நிறுத்தம் வரை போகும் பஸ் எல்லாம் நான் எங்கோ சிக்கி நின்று அவள் எனக்காகக் காத்திருந்த நேரங்களில் வந்த பேச்சுகளோ என்று சந்தேகம் வந்தது. நோட்டைப் புரட்டினேன். எந்த நிமிடத்தில் உறைந்தது, எத்தனை நொடி என்பதெல்லாம் இருந்தது. அவள் எப்போது என்ன பேசினாள் என்று ஓர் இடத்திலும் எழுதியிருக்கவில்லை. மே மாதத்துப் பாலம் மட்டும் நினைவிருக்கிறது. அன்று வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மற்றதற்குச் சான்றில்லை.

நவம்பர் 23 அன்று நான் செய்தது எனக்கே பிடிக்கவில்லை. அவள் வருவதற்கு முன் நிழல், பிரதிபலிப்பு, தொலைவு எல்லாவற்றையும் வேண்டுமென்றே உச்சத்தில் வைத்தேன். எதிர்பார்த்ததுபோலவே முதல் மேட்டில் வண்டி திக்கித் திணறி நின்றது. அவள் பின்னால் நிறுத்தினாள். நான் காத்திருந்தேன். பிறகு, "இன்னும் அந்தக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போறியா?" என்று கேட்டேன். போனில் பேசும் அந்த நான்கு வாக்கியங்களைத் தாண்டி நான் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா ண்ணா?" என்றாள். லாரியைத்தான் சொன்னாள். குரலில் அவ்வளவு அலுப்பு. "அது சும்மா அப்ப சொன்னது. இப்ப நேரா வந்துடறேன். விடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்." பத்தாவது நிமிடம் போய்விட்டாள். எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தேன். அந்த அளவை நோட்டில் எழுதவில்லை. எழுதாமல் விட்ட அளவு அது ஒன்றுதான்.

நவம்பர் 30 அன்று இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். இரண்டே காலுக்குச் செய்தி வந்தது. வார்டில் பணிப்பட்டியலை மாற்றிவிட்டார்களாம், இனி ஞாயிறு காலையில் அவளுக்குப் பணியாம், ஜனவரி முடியும் வரை இப்படித்தானாம், அதற்குப் பிறகு பார்க்கலாமாம். சாப்பிட்டாயா என்றும் கேட்டிருந்தாள். சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன்.

நோட்டில் இதுவரை கடைசிக் குறிப்பு இது: "ஜனவரி முடியும் வரை ஞாயிறு காலை அவளுக்குப் பணி. ஆதாரம்: அவள் அனுப்பிய செய்தி மட்டும். பணிப்பட்டியலை நான் பார்க்கவில்லை. அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவில்லை. சரிபார்க்கப்படாதது."